மூன்று பைப்பும் ஒரு சாட்சியும்

தண்ணீருக்காக எத்தனை கிலோமீட்டர் நடந்தீர்கள் என்று மிஷன் ஆபீஸ் ராயப்பா கேட்டபோது, கேள்வி தன் காதில் சரியாக விழவில்லை என்றுதான் பஞ்சவர்ணம் நினைத்தாள்.

“எப்பங்க சார்?”

“இந்த போர் போடறதுக்கு முன்னாடிம்மா. குடத்த எடுத்துட்டு எவ்ளோ தூரம் போவீங்க?”

“ரோட்டுக்கு அந்தப் பக்கமுங்க.”

கையை நீட்டியும் காட்டினாள். ராயப்பா திரும்பிப் பார்த்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பச்சை கேட் போட்ட மாடி வீடு இருந்தது. வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அவருடைய பேனா நோட்டுப் புத்தகத்தின் மேல் அப்படியே நின்றது.

“நாப்பது அடி இருக்குமா?”

“நாப்பது எட்டு வெக்கோணுமுங்க. திரும்பி வரயில குடம் நெறஞ்சிருந்தா அம்பது.”

“சரி, அதுக்கும் முன்னாடி? உங்க சொந்த ஊர்ல?”

“அனூர்ப் பக்கமுங்க. ஊட்டுக்குப் பின்னாலயே கெணறு.”

“தண்ணி வத்திப்போச்சா?”

“இல்லீங்க. இப்பவும் கெடக்குது. வேலதான் இல்ல.”

ராயப்பா நோட்டுப் புத்தகத்தை மூடினார். அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து ஐந்து பேர் வருகிறார்கள், அவர்கள் முன்னால் அவள் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். போலீஸ் விவகாரமா என்று பஞ்சவர்ணம் கேட்டாள். அந்தச் சாட்சி இல்லை, கர்த்தர் நமக்குச் செய்த நன்மையைச் சபையில் எடுத்துச் சொல்வதற்கும் சாட்சி என்றுதான் பெயர் என்று ராயப்பா விளக்கினார். பஞ்சவர்ணம் தலையாட்டிவிட்டு, “மூணு பைப்பு விஷயம் என்னாச்சுங்க சார்?” என்றாள்.

“எழுதியிருக்கேன்,” என்றார் ராயப்பா.

இதை அவர் சொல்வது நான்காவது தடவை.

இது தொண்ணூற்றாறாம் வருஷம் ஏப்ரலில் நடந்தது. மைசூரில் விஜயநகர் நாலாவது ஸ்டேஜ் என்ற புதுக் குடியிருப்பு அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. லேஅவுட் முடிகிற இடத்தில் அறுபத்திரண்டு தகர ஷெட்டுகள். கொள்ளேகால், அனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த தமிழர்கள் அவற்றில் இருந்தார்கள். மேஸ்திரி ஷெட் போட்டுக் கொடுத்தார். தண்ணீரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. பச்சை கேட் வீட்டு கௌரம்மா, ரிட்டயரான தலைமைக் குமாஸ்தாவின் மனைவி, காலையில் ஆறு மணியிலிருந்து ஆறரை வரைக்கும் தன் வீட்டு வாசல் குழாயில் ஒரு வீட்டுக்கு இரண்டு குடம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஆறரைக்குக் கேட் சாத்தப்படும். வரிசையில் நாற்பதாவது ஆளாக நின்று, கேட் சாத்தியதும் காலிக் குடத்தோடு திரும்பிய நாட்கள் பஞ்சவர்ணத்துக்கு நிறைய உண்டு. தூரம் என்று பார்த்தால் நாற்பது எட்டுதான்.

போர் போட்டது மிஷன். விஜயநகர் இரண்டாவது ஸ்டேஜில் ஒரு வீட்டு மாடியில் அவர்கள் ஆபீஸ். அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு; ஷெட்டுக்காரர்கள் ‘தண்ணி மிஷன்’ என்றார்கள். முந்தின வருஷம் ஜனவரியில் லாரி வந்து இரண்டு நாள் புழுதி கிளப்பி, இருநூற்றிருபது அடிக்குத் துளை போட்டு, கைப்பம்பு மாட்டிவிட்டுப் போனது. சிமெண்ட் மேடையில் ஒரு கருங்கல் பலகை பதித்தார்கள். அதில் ஒரு வேத வசனமும், குளிர் தேசத்துச் சபை ஒன்றின் பெயரும் இருந்தன.

மிஷனில் ஒரு விதி வைத்திருந்தார்கள். பம்பு போடும் இடத்தில் இரண்டு பெண்களுக்குப் பத்து நாள் ரிப்பேர் வேலை கற்றுக் கொடுப்பார்கள். ஆண்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், பம்பு கெட்டால் கஷ்டப்படப் போவது பெண்கள்தான் என்பது அவர்கள் கணக்கு. பஞ்சவர்ணமும் மாதம்மாவும் போனார்கள். மாதம்மா இரண்டாம் நாள் மாரியம்மன் திருவிழாவுக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

பஞ்சவர்ணம் பதினொரு வருஷம் சித்தாளாகக் கலவை சுமந்தவள். முதல் நாள் பயிற்சியில் ஒரு பம்பைப் பிரித்துச் சாக்கின் மேல் வரிசையாகப் பரப்பி வைத்தார்கள். இத்தனை அடி ஆழத்திலிருந்து தண்ணீரைத் தூக்கி நிறுத்துவது உள்ளங்கை அகலத் தோல் வாஷர் ஒன்று என்று தெரிந்தபோது, இவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றியது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, இவ்வளவுதான் என்பதை இத்தனை வருஷமாக ஒருவரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று தோன்றியது. பத்தாம் நாள் அவளுக்கு ஒரு இரும்புப் பெட்டி கொடுத்தார்கள். அதில் ஸ்பேனர்களும், பைப்பைப் பிடிக்கும் கிளாம்ப்பும், ஒரு டப்பா கிரீஸும் இருந்தன. ஒரு வருஷத்தில் பதினொரு பம்புகள் அவள் பொறுப்பில் வந்துவிட்டன. கலவை சுமப்பதை விட்டுவிட்டாள்.

புருஷன் சென்னிமலை கொத்தனார். பம்பு வேலைக்கு அவன் ஆட்சேபணை சொல்லவில்லை. அவனுக்கு வேறு ஒரு கவலை இருந்தது.

“அங்க ஜெபம் பண்ணச் சொல்றாங்களா?”

“சொல்றாங்க.”

“நீ பண்ணுனியா?”

“கண்ண மூடிக்கிட்டு நின்னேன்.”

“நின்னுக்கிட்டு?”

“வாஷர் ஏன் ஒரு பக்கமாவே தேயுதுன்னு யோசிச்சேன்.”

சென்னிமலை இதைக் கொஞ்ச நேரம் மனசுக்குள் நிறுத்திப் பார்த்தான். இதில் மதம் மாறுவது போல எதுவும் இல்லை என்று பட்டதால் சாப்பிட உட்கார்ந்தான்.

அந்த வருஷம் வெயில் சீக்கிரமே ஆரம்பித்தது. மார்ச்சிலேயே ஷெட்டுப் பம்பு முப்பது தடவை அடித்த பிறகுதான் தண்ணீர் தந்தது. பிறகு பதினைந்து குடம் வரும். பதினாறாவது குடத்துக்குக் காற்றுதான் வரும். ஒரு மணி நேரம் விட்டால் மறுபடி பதினைந்து. பஞ்சவர்ணம் ஒரு நாள் விடியலில் பம்பின் தலையைக் கழற்றி, கல் கட்டிய கயிற்றை உள்ளே விட்டு எடுத்து, ஈரம் படாத நீளத்தை அளந்தாள். நூற்றிப் பன்னிரண்டு அடி. உள்ளே பன்னிரண்டு பைப்பு இறங்கியிருக்கிறது. பைப்புக்குப் பத்து அடி. தண்ணீரை இழுக்கும் சிலிண்டர் நூற்றிருபதில் தொங்குகிறது. ஆக, அதற்கு மேலே எட்டடித் தண்ணீர்தான். அது பதினைந்து குடத்தில் தீர்ந்து போகும். துளையோ இன்னும் நூறு அடி கீழே போகிறது. மூன்று பைப்பும் அவற்றுக்குள் போகும் மூன்று ராடும் சேர்த்து இறக்கினால் முப்பது அடி கிடைக்கும். இதில் தெய்வத்துக்கும் வேலை இல்லை, மந்திரத்துக்கும் வேலை இல்லை. இதைத்தான் அவள் ராயப்பாவிடம் நான்கு தடவை சொல்லியிருந்தாள்.

ராயப்பா கெட்டவர் அல்ல. மிஷனில் பதினெட்டு வருஷமாக இருந்தார். தாய்மொழி கன்னடம், தமிழும் நன்றாகவே பேசினார். புதிதாக ஒரு போர் போட வேண்டும் என்று எழுதினால் வெளிநாட்டிலிருந்து உடனே பதில் வரும் என்பதும், பழைய போருக்கு மூன்று பைப்பு வேண்டும் என்று எழுதினால் பதில் வராது என்பதும் அந்தப் பதினெட்டு வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டவை. அவர்கள் வந்து பார்க்கட்டும், மனம் இளகட்டும், பிறகு கேட்கலாம் என்பது அவர் திட்டம். மனம் இளகுவதற்குக் கிலோமீட்டர் தேவைப்பட்டது.

மே மாதம் முதல் வாரத்தில் பஞ்சவர்ணத்தை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். டைப்பிஸ்ட் லீலா ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மொழிபெயர்க்கப் போவதும் அவள்தான். அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அப்பா நாசரேத்துக்காரர், அம்மா மைசூர்.

“அக்கா, இது உங்க சாட்சி. படிக்கிறேன், கேளுங்க,” என்றாள்.

அந்தச் சாட்சியில் பஞ்சவர்ணம் தினமும் நான்கு கிலோமீட்டர் நடந்தாள். வழியில் முள் காடு இருந்தது. ஒரு தடவை பாம்பும் வந்தது.

“பாம்பு எங்கிருந்து வந்துதுங்க லீலாம்மா?”

“போன வருஷம் சாமராஜநகர்ப் பக்கம் ஒரு அக்கா சொன்னாங்க. அது இதுல சேந்துடுச்சுன்னு நெனக்கிறேன்.” லீலா தாளைப் பார்த்தபடியே சொன்னாள். “நீங்க தமிழ்ல என்ன சொன்னாலும் பரவால்ல அக்கா. நான் இதத்தான் வாசிக்கணும்.”

“அப்ப என்ன எதுக்குக் கூப்புடறீங்க? நீங்களே சொல்லிரலாமே.”

“உங்க மொகம் வேணுமாம்.”

பஞ்சவர்ணம் யோசித்தாள். அவளுக்குக் கோபம் என்று சொல்ல முடியாது. நாற்பது எட்டு என்பதை நான்கு கிலோமீட்டர் ஆக்குகிறவர்கள், நூற்றிருபது அடியை நூற்றைம்பது ஆக்கமாட்டேன் என்கிறார்களே என்று மட்டும் நினைத்தாள்.

விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ராயப்பா ஒரு சங்கிலியும் பூட்டும் கொண்டுவந்து பம்பின் கைப்பிடியைக் கட்டினார்.

“நாளைக்கு அவங்க வர்ற வரைக்கும் யாரும் அடிக்கக் கூடாது. தண்ணி ஊறி நிக்கட்டும்.”

“ஊறினாலும் பதினஞ்சு குடந்தானுங்க சார்.”

“போட்டோவுக்கு ஒரு குடம் போதும்மா. சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க,” என்றார், கொஞ்சம் என்பதைக் கன்னடத்தில்.

ஆக, மறுநாள் காலையில் அறுபத்திரண்டு ஷெட்டுக்காரர்களும் குடங்களோடு பச்சை கேட்டுக்குப் போனார்கள். ஒரு வருஷமாக இந்தப் பக்கம் வராதவர்கள் ஏன் வருகிறீர்கள் என்று கௌரம்மா கேட்டார். எங்களுக்கு போர் போட்டுக் கொடுத்தவர்கள் வருகிறார்கள், அதனால் போரில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று பஞ்சவர்ணம் சொன்னாள். கௌரம்மா இதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, அன்றைக்கு மட்டும் ஏழு மணிக்குக் கேட்டைச் சாத்தினார்.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. ஷாமியானா, வாழை மரம், மைக் எல்லாம் தயாராக இருந்தன. இறங்கியவர்கள் ஐந்து பேர். மூன்று பெண்கள், ஒரு இளைஞர், நீல நிறக் கோட்டில் ஒரு கிழவர். கிழவரின் பெயர் ஹால்வர். தன் ஊரில் குடிநீர் இலாகாவில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர் என்று லீலா சொன்னாள். எல்லோருக்கும் மாலை போட்டார்கள். ராயப்பா நீண்ட ஜெபம் ஒன்று செய்தார். பிறகு பூட்டைத் திறந்து சங்கிலியை எடுத்தார்.

வந்தவர்களுக்குப் பம்பு அடிப்பது ரொம்பப் பிடித்துவிட்டது. முதலில் ஒரு பெண் அடித்தார். தண்ணீர் வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். சிலருக்குக் கண் கலங்கியது. ஆளுக்கு ஐந்து நிமிஷம் அடித்து, நின்றபடி ஒரு போட்டோ, குழந்தைகளோடு ஒரு போட்டோ என்று எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் மேடையில் விழுந்து சாக்கடையில் ஓடியது. ஷெட்டுப் பெண்கள் அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஞ்சவர்ணம் மனசுக்குள் குடம் குடமாக எண்ணினாள். நான்காவது ஆளான இளைஞர் விலகும்போது பதினான்கு ஆகியிருந்தது.

ஹால்வர் கைப்பிடியைப் பிடித்து எட்டுத் தடவை அடித்தார். கொஞ்சம் தண்ணீர் வந்து, பிறகு இருமுவது போல ஒரு சத்தம் வந்தது. அவர் நிறுத்தவில்லை, மெதுவாக இரண்டு தடவை அடித்துவிட்டு, பம்பின் தலையில் காதை வைத்துக் கேட்டார்.

“இப்ப நம்ம சகோதரி சாட்சி சொல்வாங்க,” என்று ராயப்பா மைக்கில் அவசரமாகச் சொன்னார்.

பஞ்சவர்ணம் மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். எதிரே ஐந்து வெள்ளை முகங்கள். கூட்டத்தின் கடைசியில் சென்னிமலை அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றான். லீலா பக்கத்தில் தாளோடு இருந்தாள். எதைச் சொன்னாலும் தாளில் இருப்பதுதான் போய்ச் சேரும் என்பதால் பஞ்சவர்ணத்துக்குப் பயம் வரவில்லை.

“எம் பேரு பஞ்சவர்ணமுங்க. நாந்தான் இந்தப் பம்பப் பாத்துக்கறேன். போர் நல்ல போருங்க. தண்ணிதான் கீழ போயிருச்சு. சிலிண்டரு நூத்திருவதுல இருக்குது. மூணு பைப்பு எறக்கோணும். மூணு ராடும் வேணும். அவ்வளவுதானுங்க.”

சொல்லும்போது பம்பைக் காட்டி, பிறகு தரையைக் காட்டி, பிறகு மூன்று விரலைக் காட்டினாள்.

லீலா தாளை வாசித்தாள். நான்கு நிமிஷம் ஆனது. பாம்பு வந்த இடத்தில் ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தார். முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். ஹால்வர் மட்டும் கையை உயர்த்தினார். அவர் கேட்டதைக் கேட்டு லீலா தாளைப் பார்த்தாள். அதற்குப் பதில் தாளில் இல்லை.

“அக்கா, சிலிண்டர் எத்தன அடியில இருக்குன்னு கேக்கறார்.”

“நூத்திருவது. இப்பத்தான சொன்னேன்.”

லீலா சொன்னாள். அவர் மறுபடி கேட்டார்.

“காலைல தண்ணி எத்தனைல நிக்குதாம்?”

“நூத்திப் பன்னெண்டு. ரெண்டு மாசத்துக்கு முன்னால அளந்தது. இப்ப இன்னும் கீழ போயிருக்கும்.”

லீலா ராயப்பாவைப் பார்த்தாள். ராயப்பா ஷாமியானாவின் கூரையைப் பார்த்தார். லீலா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, பஞ்சவர்ணம் சொன்னதை அப்படியே சொன்னாள். மூன்று விரலையும் காட்டினாள். ஹால்வர் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். கோட்டையும் கழற்றி அதன் மேல் வைத்தார்.

ஒரு மணிக்கு ஓட்டலில் சாப்பாடு ஏற்பாடாகியிருந்தது. நான்கு பேர் போனார்கள். ஹால்வர் போகவில்லை. பஞ்சவர்ணம் பெட்டியைக் கொண்டுவந்தாள். சென்னிமலையும் இன்னும் மூன்று கொத்தனார்களும் கை கொடுத்தார்கள். பம்பின் தலையைக் கழற்றி, கைப்பிடியை ராடோடு இணைக்கும் உள் சங்கிலியை விடுவித்து, பைப்பை ஒவ்வொன்றாகத் தூக்கி, கிளாம்ப் போட்டு நிறுத்தி, மரையைக் கழற்றி, ராடைப் பிரித்து, தரையில் கிடத்தினார்கள். பன்னிரண்டு பைப்பு. வெயில் மண்டையைப் பிளந்தது. ஹால்வரின் முகம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு தடவை அவர் கிளாம்புக்கு அடியில் கையை வைத்தபோது, “கைய எடுங்க,” என்று பஞ்சவர்ணம் அதட்டினாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இன்னொரு தடவை அவர் மரையில் கிரீஸ் தடவக் கை நீட்டினார். அவள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, எவ்வளவு தடவ வேண்டும் என்று ஒரு விரலால் தொட்டுக் காட்டிவிட்டுக் கொடுத்தாள். அவர் அவ்வளவே தடவினார்.

வாஷரை எடுத்துப் பார்த்தபோது ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. அவள் அதை அவரிடம் நீட்டி, ஏன் இப்படி என்று கையால் கேட்டாள். அவர் ஒரு பைப்பைத் தரையில் உருட்டிப் பார்த்தார். லேசாக வளைந்திருந்தது. அதைத் தனியே ஒதுக்கி வைத்தார். ஒரு வருஷமாக மண்டையைக் குடைந்த விஷயம் அது. பஞ்சவர்ணம் அந்தப் பைப்பைத் தானும் இரண்டு தடவை உருட்டிப் பார்த்தாள்.

“அப்படீன்னா நாலு பைப்பு வேணும்,” என்றாள்.

பைப்பு ஆபீஸ் கிடங்கில் இருந்தது. ஆனால் அது குண்டலுபேட்டையில் அடுத்த மாதம் போடப்போகும் போருக்கானது என்றார் ராயப்பா. அதற்குக் காணிக்கை கொடுத்தது வேறு சபை, பலகைகூடச் செதுக்கியாகிவிட்டது என்றார். ஹால்வர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு இரண்டே வார்த்தை பேசினார்.

“என்ன சொல்றார்?” என்றார் ராயப்பா.

“யார் குடுத்ததுன்னு பைப்புக்குத் தெரியாதாம் சார்,” என்றாள் லீலா.

ராயப்பா தானே ஜீப்பில் ஏறிப் போய் நான்கு பைப்பும் மூன்று ராடும் கொண்டுவந்தார். வரும்போது ஹால்வருக்கு வாழைப்பழமும், எல்லோருக்கும் மசால் வடையும் வாங்கிவந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கடைசி ஐந்து பைப்புக்கு அவரும் கை கொடுத்தார். பதினெட்டு வருஷத்தில் பைப்பை அவர் தொட்டது அன்றுதான் என்று லீலா பிற்பாடு சொன்னாள்.

நாலரை மணிக்கு பம்பைத் திரும்பப் பொருத்தி முடித்தார்கள். பஞ்சவர்ணம் அடித்தாள். கைப்பிடி முன்னைவிடக் கனமாக இருந்தது. நாற்பது தடவை அடித்ததும் தண்ணீர் வந்தது. முதல் ஐந்து குடம் துருவும் கிரீஸுமாகப் போயிற்று. அதன் பிறகு பெண்கள் வரிசையில் நின்று பிடிக்க ஆரம்பித்தார்கள். கை தட்ட யாருக்கும் கை காலியாக இல்லை. முப்பத்தேழாவது குடம் வரைக்கும் ஹால்வர் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். மாலையை மறந்து விட்டுவிட்டுப் போனார். ஒரு ஆடு அதைத் தின்றது.

சென்னிமலை ராத்திரிச் சாப்பாட்டின்போது, “அந்தப் பெரியவரு ஒரு தடவகூட ஜெபம் பண்ணலியே,” என்றான்.

“பைப்பு எறக்கயில வாய் அசஞ்சுது.”

“ஜெபமா?”

“மரையச் சுத்தறத எண்ணுனாருன்னு நெனக்கறேன்.”

ஆகஸ்டில் மிஷன் பத்திரிகை தபாலில் வந்தது. லீலா அதை ஷெட்டுக்கே கொண்டுவந்து காட்டினாள். நடுப்பக்கத்தில் பெரிய படம். பஞ்சவர்ணமும் ஹால்வரும் ஆளுக்கு ஒரு பக்கம் பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் கிரீஸ். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பஞ்சவர்ணம் கேட்டாள். லீலாவுக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தது.

“தண்ணிக்காக நாலு கிலோமீட்டர் நடந்த பெண்ணுக்கு, நம் சகோதரர் பம்பு ரிப்பேர் கற்றுக் கொடுக்கிறார்னு போட்டிருக்காங்க அக்கா. நான் சரியாத்தான் எழுதி அனுப்பினேன். அங்க மாத்திட்டாங்க.”

“மூணு பைப்பு எறக்குனதப் பத்திப் போட்டிருக்கா?”

“இல்ல.”

“பைப்பு உள்ளதான இருக்குது. போடாட்டி என்ன.”

அவள் படத்தை வாங்கி வெளிச்சத்தில் வைத்து, சென்னிமலையின் முழங்கை ஓரத்தில் விழுந்திருக்கிறதா என்று தேடினாள். விழுந்திருந்தது. அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் அந்தப் பக்கத்தை அரிசிப் பசையால் தகரத்தில் ஒட்டினான். பம்பு மேடைப் பலகையில் இருந்ததைப் போல இதிலும் ஒரு வசனம் இருந்தது. அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றான்.

குண்டலுபேட்டைக்குத் திரும்பப் பைப்பு வாங்க இரண்டு மாதம் ஆயிற்று. அந்த போர் செப்டம்பரில்தான் போட்டு முடிந்தது. பம்பு மாட்டுகிற அன்று காலையில் ராயப்பா ஜீப்போடு ஷெட்டுக்கு வந்து, பஞ்சவர்ணத்தையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டார். நஞ்சன்கூடு தாண்டியதும் அவர், “நான் சாட்சியில எழுதினது தப்புதான்,” என்றார். பஞ்சவர்ணம், “பரவால்லீங்க சார். பாம்பு மட்டும் வேண்டாமா இருந்துது,” என்றாள்.

அங்கே பம்பு மாட்டும் ஆட்கள் நான்கு பேர் காத்திருந்தார்கள். வழக்கம் போலப் பன்னிரண்டு பைப்பு எடுத்து வைத்திருந்தார்கள். ராயப்பா அவர்களிடம் கன்னடத்தில், இந்த அம்மா சொல்கிற கணக்குக்கு இறக்குங்கள் என்றார். அவர்களில் மூத்தவன் அவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தான். பஞ்சவர்ணம் கயிற்றில் கல்லைக் கட்டி உள்ளே விட்டாள். மழைக்காலம் என்பதால் தண்ணீர் எழுபது அடியிலேயே இருந்தது.

“பன்னெண்டே ஜாஸ்திம்மா,” என்றான் அவன், அரைத் தமிழில்.

“இப்பத்திக்கு ஜாஸ்திதான். சித்திரைல நீங்க இங்க இருக்கமாட்டீங்க. பதினஞ்சு எறக்குங்க.”

அவன் ராயப்பாவைப் பார்த்தான். ராயப்பா ஜீப்பின் பின்பக்கம் போய் இன்னும் மூன்று பைப்பை இழுத்து இறக்க ஆரம்பித்திருந்தார்.